உருவப்படத்திற்கு உகந்த லென்ஸ் எது?

ஒருவர் நம்மிடையே இல்லாத காலத்தும் அவர் முகத்தை நம் கண்முன் நிறுத்த வல்லது உருவப்படம். கல்லில் வடித்த சிலையும் திரைச்சீலையில் தீட்டிய ஓவியமும் முற்காலத்தில் அரசர்க்கும் செல்வர்க்குமே வாய்த்தன. நிழற்படக்கலை தோன்றிப் பரவிய பின்னரே உழவரும் நெசவாளரும் தத்தம் முகத்தைத் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் பேறு பெற்றனர். அக்கலையை இன்று நம் மாணவருள் பலர் பேரார்வத்துடன் பயின்று வருகின்றனர். காமிரா ஒன்று கைக்கு வந்தவுடன் அவர் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி, உருவப்படம் எடுப்பதற்கு எந்த லென்ஸை வாங்குவது என்பதே. கடைக்காரர் ஒன்று கூறுவர். நண்பர் வேறொன்று கூறுவர். விளம்பரமோ எல்லாவற்றினும் விலை மிக்கதையே கூறும். இவற்றின் நடுவே மாணவர் திகைப்பது இயல்பே. ஆதலின், இக்கேள்விக்கு விடை காண வேண்டும் செய்திகளை ஆராய்ந்து, நம் கருத்து இன்னதென எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதற்கண், சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காமிராவுடன் பெரும்பாலும் சேர்த்து விற்கப்படுவது ஜூம் லென்ஸ். அதன் குவியத்தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். குவியத்தூரம் மாறாது ஒன்றாகவே அமைந்தது பிரைம் லென்ஸ். லென்ஸின் குவியத்தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைக்கும் எண்ணையே எஃப் எண் என்கிறோம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/1.8 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர், எஃப்/5.6 என்றால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். எண் சிறுத்தால் துளை பெருக்கும் என்பது இதனால் விளங்கும். துளையின் பரப்பே புகும் ஒளியின் அளவாதலால், எஃப்/5.6 கொள்ளும் ஒளியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை எஃப்/1.8 கொள்ளும். மிகுந்த ஒளியைக் கொள்வதால் மிகக் குறைந்த நேரத்தில் படம் பதிகின்றது. இதுபற்றியே இத்தகைய லென்ஸை 'விரைவு லென்ஸ்' என்று வழங்குகின்றனர். ஈண்டு நாம் ஆராயப்புகுந்தது, விரைவும் மாறாக் குவியத்தூரமும் ஒருங்கே அமைந்த லென்ஸைப் பற்றியே.

இவ்விரைவு எதன்பொருட்டுத் தோன்றியது என்பதை அறிந்துகொள்ளல் நலம். 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான தாகேர் தம் நிழற்பட முறையை உலகுக்கு வெளியிட்டபோது, அம்முறையால் மனித முகத்தைப் பதித்தல் பெரிதும் அரிதாயிருந்தது. அந்நாளில் வழங்கிய லென்ஸின் துளை ஏறத்தாழ எஃப்/15 அளவினது. ஒளி மிக்க இடத்தில் நிமிடக்கணக்கில் அசைவின்றி அமர்ந்தாலன்றி முகம் பதியாது. அவ்வாறு அமர்வோர் தலை அசையாதிருக்கும்பொருட்டு இரும்புத் தாங்கி ஒன்று பின்னிருந்து பற்றிக்கொள்ளும். அந்நிலையில் அமர்ந்தவர் முகத்தில் மலர்ச்சி எங்ஙனம் தோன்றும்? இக்குறையைப் போக்க முனைந்தவர் வியன்னா நகரத்துக் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்ஸ்வால் என்பார். பீரங்கிப் படையினருள் கணக்கில் வல்லோர் சிலரைத் துணைக்கொண்டு அவர் 1840-ஆம் ஆண்டில் கணித்தளித்த லென்ஸ் எஃப்/3.6 அளவினது, முன்னையதைக் காட்டிலும் பதினாறு மடங்குக்கு மேற்பட்ட ஒளியைக் கொள்வது. அதனை வோய்க்ட்லாண்டர் நிறுவனத்தார் செய்து வெளியிட்டனர். விரைவு லென்ஸ் பிறந்தது, எதிரே அமர்ந்தவரின் துன்பத்தைக் குறைப்பதற்கே என்பதை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும். நாம் பின்னர்க் கூறப்போவன யாவும் இவ்வொன்றைப் பற்றியே நிற்கின்றன.

விரைவு குன்றிய கருவி எத்தகைய படத்தைத் தரும் என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும், புதுமண்டபத்தையும், திருமலை நாயக்கர் மகாலையும், தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். நம் நகரத்தின் மிகப் பழைய நிழற்படங்களுள் அவை சிறந்தன. தூண்களின் செதுக்குவேலை ஒவ்வொன்றும் அப்படங்களில் துலங்குகின்றது. ஆயினும், மக்கள் நிறைந்து நடமாடிய அந்நகரத்து மாந்தரை அவற்றில் காண்பது அரிது. அவர் பெரிதும் கையாண்ட காகித நெகட்டிவ் மெல்லப் பதியும் இயல்பினது. ஆதலின் கல் பதிந்தது, கடந்து சென்ற மனிதன் பதிந்திலன். அன்று தெருவில் நடந்த நம் முன்னோர் எத்துணையோ பேர் அப்படங்களிற் சுவடின்றி மறைந்தனர் என்று எண்ணுங்கால் நம் உள்ளம் வருந்துகின்றது.

இதற்கு மறுதலையான காட்சியை இலங்கையில் காண்கிறோம். கல்கத்தாவிற் பிறந்து, 1863-ஆம் ஆண்டில் தம் நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் காமிராவைப் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், பெட்ஸ்வால் வகையைச் சார்ந்த லென்ஸைக்கொண்டே தம் பணியைத் தொடங்கினார். முகத்தின் ஒரு பகுதி தெளிந்தும் மறுபகுதி குழைந்தும் தோன்றும் அவர் படங்களை அக்காலத்து வல்லுநர் சிலர் குறை கூறினர். அம்மையாரோ அக்குழைவையே தம் கலைக்கு அழகாகக் கொண்டார். 1875-ஆம் ஆண்டில் இலங்கை சென்று 1879-ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்த அவர், அத்தீவின் சிற்றூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரான தமிழரையும் படமெடுத்தார். ஏழைத் தொழிலாளியின் முகமும் நின்று நோக்கத்தக்கதே என்பதை அப்படங்கள் காட்டுகின்றன. எனவே, பின்புலம் குழைதல் தன்னளவில் குற்றமுடையதன்று. எதன்பொருட்டுக் குழைக்கிறோம் என்பதே கேள்வி.

நிற்க. நம் மதுரைச் சமவெளியின் ஒளியை இனி நோக்குவோம். நம் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் ஞாயிறு நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அவ்வேளையில் வெட்டவெளியில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால், கண்குழி இருளும். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். வெள்ளை வேட்டி கண்ணைக் கூசச் செய்யும். மாநிற முகமோ கருத்துவிடும். அன்றியும், அவ்வெயிலில் எஃப்/1.8 துளையை முழுதும் திறந்துவைக்க வேண்டின், ஐ.எஸ்.ஓ. 100-இல் நொடியின் 8000-இல் ஒரு பங்கு நேரமே ஒளியை விடவேண்டும். எளிய விலையில் கிடைக்கும் காமிராக்கள் பலவற்றின் ஷட்டர் 4000-இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஆகவே, சித்திரைத் திருவிழாவின் நண்பகற் கூட்டத்தில் தன் விரைவு லென்ஸின் முழு விரைவையும் காட்ட முற்படுவோர், ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றையும் விலைகொடுத்து வாங்கி அதன்முன் மாட்ட நேரும். மிகுந்த ஒளியைக் கொள்ளவெனப் பொருள் செலவிட்டுப் பின் அவ்வொளியைத் தடுக்கவும் பொருள் செலவிடுவது நகைப்புக்கு இடமாகும்.

அங்ஙனமாயின் விரைவு லென்ஸ் இங்கு வேண்டாவோ எனின், மிக வேண்டும். ஆனால் அதன் இடம் வெயிலன்று, நிழலே. நம் ஊர்களில் முகம் அழகுபெறும் இடங்கள் திண்ணை, தாழ்வாரம், முற்றத்து ஓரம், மண்டபத்தின் வாயிலருகு, வேம்பின் அடி என்பனவாம். மாலையில் தாழ்வாரத்து உட்புறம் அமர்ந்திருக்கும் பாட்டியைப் படமெடுப்பதாகக் கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 400-இல், எஃப்/5.6 துளையுடன் நொடியின் 15-இல் ஒரு பங்கு நேரம் வேண்டும் இடத்தில், எஃப்/1.8 துளைக்கு ஏறத்தாழ 150-இல் ஒரு பங்கு போதும். முன்னதில் பாட்டி மூச்சுவிட்டாலும் படம் கலங்கும். பின்னதில் அவர் பேசலாம், சிரிக்கலாம், வெற்றிலை மடிக்கலாம். கண்ணைக் கூசச் செய்யும் மின்னொளி விளக்கும் வேண்டுவதில்லை. பெட்ஸ்வால் நாடிய பயன் இதுவன்றோ? அன்றியும், நிழலின் ஒளி நம் மக்களின் நிறத்தை உள்ளவாறே காட்டும். முகத்தை வெளுப்பாக்கித் தருவதே திறமை என்னும் பழக்கம் நம் நாட்டு ஸ்டூடியோக்களில் நெடுநாளாக வேரூன்றியுள்ளது. நல்ல நிழலும் நல்ல லென்ஸும் வாய்த்த பின் அப்பொய்ம்மைக்கு இடமில்லை.

இனி, குவியத்தூரத்தைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். மூக்கு பெருத்துத் தோன்றுவதும் முகம் ஒழுங்காய் அமைவதும் லென்ஸால் வருவன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை காமிராவுக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள தொலைவால் வருவன. மூக்கு நுனிக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், காதோடு ஒப்பிட மூக்கு கால்பங்கு பெருத்துத் தோன்றும். இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் அவ்வேறுபாடு நூற்றுக்கு ஆறளவே. ஆதலின் முதலில் தொலைவை உறுதிசெய்க. ஒன்றரை முதல் மூன்று மீட்டர் வரை தக்கது. ஒருவரோடு ஒருவர் குரல் உயர்த்தாது பேசக்கூடிய தொலைவும் அதுவே. அத்தொலைவிலிருந்து வேண்டிய பகுதி படச்சட்டத்தில் அடங்குமாறு குவியத்தூரத்தைக் கொள்க.

முழுச்சட்டம் எனப்படும் ஃபுல் பிரேம் காமிராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸ், இரண்டு மீட்டர் தொலைவில் தலையும் மார்பும் அடங்கிய படத்தைத் தரும். மாணவர் கையில் பெரிதும் காணப்படும் ஏ.பி.எஸ்.-சி காமிராவின் சென்சார் சிறியதாதலால், அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸே ஏறத்தாழ அவ்வேலையைச் செய்யும். இடத்தின் அளவையும் மறத்தலாகாது. ஒருவரை நின்ற நிலையில் முழு உருவமாக எடுக்க, ஃபுல் பிரேமில் 85 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் தொலைவு வேண்டும். 50 மில்லிமீட்டருக்கு மூன்று மீட்டர் போதும். மாசி வீதிகளை அடுத்த சந்துகளில் உள்ள வீடுகளில் ஐந்து மீட்டர் நீளமுள்ள கூடம் எத்தனை வீட்டில் உண்டு? சுவரில் முதுகு முட்டப் பின்வாங்கியும் பாதம் அடங்காத லென்ஸ், எத்துணை உயர்ந்ததாயினும், அவ்வீட்டுக்கு உதவாது. வயல்வெளியிலும் கண்மாய்க்கரையிலும் படமெடுப்போர்க்கு இத்தடை இல்லை.

அடுத்து, எஃப் எண்ணைப் பற்றிய மயக்கத்தை ஆராய்வோம். எஃப்/1.8 கொண்டவர் எஃப்/1.4-ஐயும், அதனைக் கொண்டவர் எஃப்/1.2-ஐயும் நாடி ஏங்குகின்றனர். கேனன் நிறுவனத்தார் தம் இ.எஃப். வரிசையில் வெளியிட்ட இரண்டு 85 மில்லிமீட்டர் லென்ஸ்களை ஒப்பிடுவோம். எஃப்/1.8 லென்ஸின் எடை 425 கிராம், எஃப்/1.2 லென்ஸின் எடை 1025 கிராம். பின்னது கொள்ளும் ஒளி இரண்டேகால் மடங்கே, விலையோ பன்மடங்கு. அவ்விரண்டேகால் மடங்கு ஒளியை இக்காலத்துச் சென்சாரில் ஐ.எஸ்.ஓ. எண்ணைச் சற்று உயர்த்திச் செலவின்றியே ஈடுசெய்யலாம். கடன்பட்டுக் கருவி வாங்கும் மாணவருக்கு நாம் கூறுவது, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்னும் நம் பாட்டிமாரின் சொல்லையே. பெரும்பாலான நிறுவனங்களின் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ், அவரவர் விலைப்பட்டியலில் மிக எளிய விலையுள்ளவற்றுள் ஒன்று. கேனனின் அத்தகைய லென்ஸ் ஒன்றின் எடை 160 கிராமே. பழைய லென்ஸை வாங்குவோர் கண்ணாடியுள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பதை விளக்கொளியில் நோக்கி அறிக.

அன்றியும், துளை பெருகப் பெருகத் தெளிவாய்த் தோன்றும் ஆழம் குறைந்துகொண்டே செல்லும். ஃபுல் பிரேமில் 85 மில்லிமீட்டர் லென்ஸைக்கொண்டு இரண்டு மீட்டர் தொலைவில் எடுக்குங்கால், எஃப்/1.8-இல் அவ்வாழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், எஃப்/1.2-இல் 4 சென்டிமீட்டர். எஃப்/4-இல் 13 சென்டிமீட்டர். நான்கு சென்டிமீட்டரில், முகம் சிறிது திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிந்து மறுகண் மங்கும். மிரர்லெஸ் காமிராக்கள் பல கண்ணைத் தாமே கண்டறிந்து குவியம் செய்வது உண்மையே. ஆயினும் இரு கண்ணையும் ஒருங்கே தெளிவிக்க அவற்றாலும் இயலாது. 1984-ஆம் ஆண்டில் ஸ்டீவ் மக்கரி எடுத்து உலகெங்கும் புகழ்பெற்ற ஆப்கன் சிறுமியின் படம், 105 மில்லிமீட்டர் எஃப்/2.5 நிக்கார் லென்ஸால் எடுக்கப்பட்டது. அப்படத்தின் ஆற்றல் அக்கண்களில் இருந்ததேயன்றி எஃப் எண்ணில் இருந்திலது.

"பின்புலம் முற்றும் கரைந்தாலன்றி முகம் எடுப்பாய் நில்லாது, கண்ட குப்பையும் சுவரொட்டியும் மின்கம்பியும் முகத்தோடு சேர்ந்து தோன்றுமே" என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தில் உண்மையின் கூறு ஒன்று உண்டு. நம் தெருக்களில் பின்புலம் பெரும்பாலும் நெரிசல் மிக்கது. அதனைச் சற்றுத் தணித்தல் தக்கதே. ஆனால் தணித்தல் வேறு, அழித்தல் வேறு. அலங்காநல்லூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் தாம் வளர்த்த காளையின் அருகே நிற்கிறார் எனின், அக்காளையின் கொம்பு கரைந்து புகையாய்த் தோன்றும் படம் அவர் படமாகுமோ? சுங்குடிப் புடவைக்கு முடிச்சிடும் அம்மையார் மடியிலுள்ள துணியின் புள்ளிகள் மங்கி மறைந்தால், அவர் வாழ்நாள் உழைப்பு அப்படத்தில் எங்கே? ஒருவருக்கு ஊரும் தொழிலும் வீடும் உண்டு. அவற்றைத் துடைத்துவிட்டு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால், எந்நாட்டிலும் எவரையும் எடுத்த படமாக அது முடியும். பின்புலத்தைக் கணக்கிட்டுக் கரைக்கும் வித்தையை இன்று கைபேசியே செய்துவிடுகின்றது. அவ்வொன்றிற்காகப் பெருவிலை கொடுப்பதில் இனிப் பெருமையும் இல்லை. துளையை எஃப்/2.8 அல்லது எஃப்/4 அளவுக்குச் சுருக்கி, பின்புலத்தை ஓரடி இடமோ வலமோ நகர்ந்து தெரிந்தெடுத்தல் கலைஞனுக்கு அழகு.

இவ்வளவும் எழுதுவதற்கு உரிய காரணம் ஒன்றுண்டு. நம் மதுரைச் சுவர்களில் நாள்தோறும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைக் காண்கிறோம். அவற்றுள் பலவற்றில் மறைந்தவரின் முகம், வாக்காளர் அடையாள அட்டையிலிருந்தோ குடும்ப அட்டையிலிருந்தோ எடுத்துப் பெரிதாக்கப்பட்டது. அலுவலகத்தின் அவசரத்தில், அச்சத்தோடு விழித்த ஒரு நொடியின் முகம், எழுபது ஆண்டு வாழ்ந்தவரின் நினைவாகச் சுவரில் மாலையிட்டு நிற்கின்றது. உயிரோடிருந்த நாளில் அம்மூத்தோரைத் திண்ணையில் அமர்த்தி ஒரு நல்ல படம் எடுப்பார் இலர். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் உள்ள தம் வீடுகளுக்கு விடுமுறையில் செல்லும் நம் மாணவர் கையில் இன்று காமிரா உண்டு, கைபேசியேனும் உண்டு. அவர் முதற்கடன் இதுவே என்போம். எடுத்த படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதுக. உலகம் முழுதும் கண்ட அவ்வாப்கன் சிறுமியின் பெயர் 2002-ஆம் ஆண்டு வரை உலகுக்குத் தெரியாதிருந்தது என்பதை நினைவிற் கொள்க. ஏறத்தாழ 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடித் தொகுத்து வருகின்றனர். நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பெயரில்லாப் படங்களுக்குப் பெயரெழுதும் பணியை நாமும் இன்றே தொடங்கலாம். பெயர் அறிந்தோர் இன்னும் சிலர் உளர்.

முடிவாக நம் கருத்தைத் தொகுத்துக் கூறுவோம். ஏ.பி.எஸ்.-சி காமிரா உடையார்க்கு 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றே போதும். ஃபுல் பிரேம் உடையார், வீட்டினுள் படமெடுப்பவராயின் 50 மில்லிமீட்டரும், இடம் அகன்ற ஊர்ப்புறத்தில் எடுப்பவராயின் 85 மில்லிமீட்டரும் கொள்க, எஃப்/1.8 இரண்டிற்கும் ஏற்றது. அதற்கு மேல் விரைவைத் தேடிப் பொருளை இறைத்தல் மாணவர்க்குத் தக்கதன்று. மிஞ்சிய பணத்தைப் படங்களை அச்சிடுவதிலும், எடுத்த முகத்துக்கு உரியவரிடம் ஒரு படியைக் கொண்டுசென்று கொடுப்பதிலும் செலவிடுக. எதிரே அமர்ந்தவர் இயல்பாய் மூச்சுவிட்டுப் பேசும்பொருட்டே விரைவு லென்ஸ் உலகில் தோன்றியது. அந்நோக்கத்தை மறவாதவர் கையில் எளிய லென்ஸும் ஏற்றம் பெறும். நம் மாணவரும் பழைய மாணவரும் இவ்விடுமுறையில் தத்தம் வீட்டு மூத்தோர் ஒருவரையேனும் நிழலில் அமர்த்தி, அவரோடு சிறிது பேசியிருந்து, படமெடுத்து வருவாராக.